இரண்டு சாவியும் ஒரே வளையத்தில்

தம்பி,

நலம் விசாரித்துத் தொடங்க வேண்டிய கடிதம் இல்லை இது. காலையில்தான் போனில் பேசினோம். உனக்குச் சளி குறைந்துவிட்டதும் தெரியும், நான் சொன்ன கஷாயத்தை நீ குடிக்காமல் கொட்டியதும் தெரியும். போனில் சொல்ல வராத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நம் வாய்க்கால் பாசன சங்கத்தின் பொதுக்குழுவில் உன்னைத் தலைவராக்கப் போகிறார்கள். ஒன்பதாவது விதியின்படி முழு அதிகாரத்தோடு என்று நோட்டீஸில் அச்சடித்தே விட்டார்கள். தலைமடை, நடுமடை, கடைமடை என்று பாராமல் எல்லாக் கையும் உனக்காக உயரும். என் கை உயராது. அதைக் கூட்டத்தில் திடீரென்று பார்த்து நீ திகைக்கக் கூடாது என்பதற்காக முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியைச் சங்கக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். உன் அப்பாவுக்கு அதில்தான் கோபம். "பெத்த புள்ளைக்கு எதிரா ஊரு நோட்டீஸ் பலகையில எழுதி ஒட்டுற பொம்பளைய நான் இப்பதான் பாக்குறேன். சொல்றத வீட்டுல வச்சுச் சொல்லு" என்றார். வீட்டில் வைத்துச் சொல்லக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அடுப்படியில் உன்னை உட்கார வைத்து, தோசை போட்டுக்கொடுத்து, காதோடு காதாக நான் உன் மனதை மாற்றினால் நாளைக்கு வாய்க்காலை ஆள்வது நான் என்றாகிவிடும். எனக்கு அது பிடித்த வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊர்த் தண்ணீரைப் பற்றிய பேச்சை ஊர் படிக்கட்டும். அப்பா இப்போது புது வேட்டி எடுக்க மன்னார்குடிக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்காருவதற்காம்.

நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒருநாள் ஜனநாயகத்தைப் பற்றிப் பாடம் படித்துவிட்டு வந்து, இனி வீட்டில் எல்லாம் ஓட்டுப் போட்டுத்தான் என்று அறிவித்தாயே, நினைவிருக்கிறதா? ராத்திரிக்கு இட்லியா பரோட்டாவா என்று கை தூக்கச் சொல்லுவாய். நீ, அக்கா, அப்பா மூவரும் ஒரு கட்சி. இட்லிக் கட்சிக்கு எப்போதும் ஒரே ஓட்டு, என்னுடையது. அப்புறம் ஒருநாள், இனிமேல் பாத்திரம் எல்லாம் அக்காதான் தேய்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாய். நீ தூக்கினாய், அப்பா தூக்கினார், வேடிக்கையாக இருந்ததால் நானும் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டேன். அக்கா அழவில்லை. கையிலிருந்த குழம்புச் சட்டியை அப்படியே முற்றத்தில் வைத்துவிட்டு, "என் கை என்ன வேலை பாக்கணும்னு நீங்க மூணு பேரு எப்படி ஓட்டுப் போடலாம்?" என்று கேட்டாள். அன்று பாத்திரத்தை நான்தான் தேய்த்தேன். அவள் இப்போது சிங்கப்பூரில் இருந்து போன் செய்யும்போதுகூட அந்தச் சட்டியைச் சொல்லிக் காட்டுவாள்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் நம் பாலத்தடி மதகில் தொங்கிய இரண்டு பூட்டு. நீ வெளியூரில் படித்துக்கொண்டும் வக்கீல் வேலை கற்றுக்கொண்டும் இருந்த ஆண்டுகளில் நடந்ததெல்லாம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். அந்த மதகின் ஷட்டரை இறக்கினால் தண்ணீர் தேங்கி, மேலே இருக்கும் தலைமடை வயல்களுக்கும் நம் நடுமடை வயலுக்கும் ஏறும். தூக்கினால் கீழே கடைமடைக்கு ஓடும். ஷட்டரைத் திருப்பும் இரும்புச் சக்கரத்தில் இரண்டு சங்கிலி, இரண்டு பூட்டு. ஒரு சாவி சங்கத் தலைவரிடம். இன்னொன்று கடைமடைக்காரர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஆளிடம். இரண்டு பேரும் வந்து நின்றால்தான் சக்கரம் அசையும். கடைமடையில் ஆள் குறைவு. பொதுக்குழுவில் கை எண்ணினால் அவர்கள் எந்தக் காலத்திலும் ஜெயிக்க முடியாது. அதனால்தான் கை எண்ணிக்கைக்கு வெளியே அந்தப் பூட்டை மாட்டி வைத்திருந்தார்கள்.

அந்த ஏற்பாட்டில் சண்டையும் இருந்தது, நான் மறைக்கவில்லை. தலைவர் காலையில் வந்து நிற்பார், கடைமடைச் சாவி வைத்திருந்த தாவூது பாய் பொதக்குடியில் கல்யாணத்துக்குப் போயிருப்பார். பாய் வந்து நிற்பார், தலைவருக்கு ரத்த அழுத்தம் ஏறிப் படுத்திருப்பார். முறை மாறுவதற்குள் தண்ணீர் பாதி வீணாகும். ஊரில் எல்லாருக்கும் அந்தப் பூட்டின் மேல் எரிச்சல். "இந்தக் காலத்துல போயி ரெண்டு சாவி, ரெண்டு ஆளு" என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அப்போதுதான் கலியமூர்த்தி அண்ணன் தலைவராக வந்தார். அவரை இன்று எல்லாரும் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். மழை பொய்த்த வருஷம் அது. சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் ஆற்றிலேயே தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. அவர் அதிகாரிகளின் வாசலில் போய் உட்கார்ந்தார். சாப்பாடு கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். எழுந்து போகச் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்து அடுத்த வாசலில் உட்கார்ந்தார். நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். கடைமடை வரைக்கும் விளைந்தது. அறுவடை முடிந்து நடந்த பொதுக்குழுவில் அவருக்கு மாலை போட்டோம். அந்த மாலையோடு மாலையாக யாரோ எழுந்து ஒரு தீர்மானம் படித்தார்கள். நம் சங்க விதியின் முதல் வரியே, 'பொதுக்குழுவே எல்லாவற்றுக்கும் மேலான அதிகாரம் உடையது' என்பதுதான். அப்படிப்பட்ட பொதுக்குழு தன் அதிகாரத்தைத் தான் நம்பும் ஒருவரிடம் கொடுக்க முடியாதா? அவசரக் காலத்தில் தலைவர் எடுக்கும் முடிவே பொதுக்குழுவின் முடிவு, இரண்டு சாவியும் தலைவரிடமே இருக்கும், கூட்டத்தைத் தேவைப்படும்போது தலைவர் கூட்டுவார். இதுதான் ஒன்பதாவது விதி. மழை பொய்த்ததால் வந்த பயம் எல்லார் வயிற்றிலும் இருந்தது. எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும். தாவூது பாயின் கையும். அதோடு நிற்கவில்லை, அவர் எழுந்து முன்னால் போய், இடுப்புப் பச்சை பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்து, "அண்ணே, இது இனிமே ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று அண்ணன் கையில் வைத்தார். கூட்டம் கை தட்டியது. கலியமூர்த்தி அண்ணன் கண் கலங்கினார். அது நடிப்பில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அடுத்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த ஆண்டு மறுபடியும் தண்ணீர் குறைந்தது. இந்த முறை அண்ணன் வாசல் வாசலாகப் போய் உட்காரவில்லை. அதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது, சாவிதான் கையில் இருக்கிறதே. ஷட்டரை இறக்கிப் பூட்டினார். தலைமடையும் நடுமடையும் நிறைந்தன. கடைமடையில் நெல் பால் பிடிக்கும் பருவத்தில் மண் வெடித்தது. தாவூது பாய் போய்க் கேட்டிருக்கிறார். அண்ணன் கோபப்படவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, "பாய், நான் என்ன என் இஷ்டத்துக்கா செய்யறேன்? ஊரு எனக்கு அதிகாரம் குடுத்துருக்கு. நீங்க எனக்கு எதிராப் பேசல, ஊருக்கு எதிராப் பேசுறீங்க" என்றாராம்.

அந்த வாரம் நான் கடைமடைக்கு நடந்து போனேன். உளுந்து விதைக்க ஆள் கேட்கத்தான் போனேன், நியாயம் கேட்கப் போகவில்லை. பாய் தன் வயல் வரப்பில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயிர் வெளுத்துக் கிடந்தது. பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லலாமே என்றேன். "யாரு கூட்டுறது? தலைவர்தான் கூட்டணும். அவருக்குத் தேவைப்பட்டாத்தான் கூட்டணும்" என்றார். சரி, அந்த விதியையாவது எடுக்கச் சொல்லலாமே என்றேன். "அத எடுக்கவும் பொதுக்குழு வேணுமே தங்கச்சி" என்று சிரித்தார். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை ஜன்னல் வழியாக உள்ளேயே போட்டதுபோல இருந்தது எனக்கு. கிளம்பும்போது அவர் சொன்னதுதான் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. "யாரும் புடுங்கல. நானாத்தான் குடுத்தேன். எல்லாரும் கை தட்டுனீங்க." அந்த ஆண்டு நம் வீட்டில் நெல் நன்றாக விளைந்தது. களத்தில் நெல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகச் சாப்பிட்டேன். அதைத்தான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

நீதானே எனக்குச் சொல்லுவாய், என்னைக் காரில் கூட்டிப்போகும்போது, பாபநாசம் தாண்டும்வரை வாய் மூடாமல். சில நாடுகளில் ஆட்சியைப் பிடிக்க ராணுவமே வருவதில்லை அம்மா, ஓட்டுப் பெட்டியே வருகிறது என்பாய். அரசியலமைப்பின் முதல் பக்கத்தில் மக்களே எஜமானர்கள் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். அப்புறம் மக்களிடமே வாக்கெடுப்பு வைத்து, நீதிமன்றம் மக்கள் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கிறது, மேலவை நிற்கிறது, பத்திரிகை நிற்கிறது என்று ஒவ்வொரு பூட்டாகக் கழற்றுகிறார்கள் என்பாய். நம் நாட்டில் எமர்ஜென்சி வந்தபோதும் எல்லாம் புத்தகத்தில் இருந்த பிரிவை எடுத்துத்தான் செய்தார்கள், நாடாளுமன்றமே தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டது என்பாய். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு அந்த நாடுகளின் பேர்கூட வாயில் நுழையவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தெரிந்த கதையாகவே இருந்தது. ஜனங்கள்தான் பெரியவர்கள் என்று தொடங்குகிறது. ஜனங்கள் சொல்லிவிட்டால் குறுக்கே யாரும் பேசக் கூடாது என்று ஆகிறது. அப்புறம், ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆள் பேசினால் அது ஜனங்கள் பேசியதுதான் என்று முடிகிறது. கலியமூர்த்தி அண்ணன் எந்தப் புத்தகமும் படித்தவர் இல்லை. இருந்தும் பாய்க்குச் சொன்ன பதிலில் இதை அப்படியே சொல்லிவிட்டார். அவர் ஒரு விதியையும் மீறவில்லை, தம்பி. கடைசிவரை விதிப்படிதான் நடந்தார்.

இப்போது அவர் உடம்பு முடியாமல், புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க இந்தப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிவிட்டு, திருச்சியில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். நீ வந்தாய். வாய்க்காலை அடைத்துக் கிடந்த ஆக்கிரமிப்புகளை எடுக்க வழக்குப் போட்டு ஜெயித்தாய். இத்தனை ஆண்டுக்குப் பிறகு கடைமடையில் தண்ணீர் ஓடியது. அன்று பாலத்தில் நின்று எல்லாரும் உன்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பெருமையாக இருந்தது, அழுதுவிட்டேன், அதை நீ பார்த்தாய். ஆனால் அதே பார்வையை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். இப்போது பலகையில் இதைப் படிப்பவர்களும் கேட்பார்கள், "அந்த ஆளு கையில இருந்ததாலதானே தப்பாப் போச்சு, நம்ம வக்கீல் தம்பி கையில இருந்தா என்ன?" என்று. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். தப்பு ஆளிடம் இருந்தால் ஆளை மாற்றினால் போதும். இங்கே ஆளை மாற்றப் பொதுக்குழுவைக் கூட்டவே முடியாமல், அவர் உடம்பு முடியாமல் போகும்வரை நாம் எல்லாரும் காத்திருந்தோம்.

காலையில் போனில் நீ சொன்னாய், "ஒரு வருஷம்மா. ஒரே ஒரு வருஷம். அதிகாரம் கையில இருந்தாத்தான் அந்த விதியவே எடுக்க முடியும். எல்லாத்தையும் சரி பண்ணிட்டு நானே எடுத்துடறேன்." நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உன் குரலில் பொய் எந்த இடத்தில் ஏறும் என்பது உன்னைவிட எனக்குத்தான் தெரியும். ஆனால் இதையும் யோசி. ஒரு வருஷம் கழித்து எல்லாம் சரியாகியிருக்குமா? வாய்க்காலில் எந்த வருஷம்தான் எல்லாம் சரியாக இருந்தது? மேட்டூர் லேட்டாகத் திறந்தால் அவசரம். மழை பெய்யாவிட்டால் அவசரம். அதிகம் பெய்து மூழ்கினால் அதுவும் அவசரம். எடுக்க வேண்டும் என்று நீ நினைக்கும் ஒவ்வொரு முறையும் எடுக்காமலிருக்க நல்ல காரணம் ஒன்று வந்து நிற்கும். நீ வக்கீல் வேறு, காரணத்துக்கு உனக்குப் பஞ்சமே கிடையாது. சரி, நீ சொன்னபடியே எடுத்துவிட்டாய் என்று வைத்துக்கொள். அப்போது ஊர் என்ன பாடம் படிக்கும்? நல்ல பிள்ளையாகப் பார்த்து எல்லாவற்றையும் கொடுத்தால் நல்லதே நடக்கும் என்றுதான் படிக்கும். உனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் நாலு நல்ல பேர் வாங்கத் தெரிந்திருந்தால் போதும், மறுபடியும் மாலை போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

ஆகையால் நான் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை உன் பேரை முன்மொழிவதற்கு முன்னால் நீ எழுந்து, ஒன்பதாவது விதியை எடுக்கும் தீர்மானத்தை முதலில் வை. இரண்டாவது சாவி கடைமடைக்கே திரும்பட்டும். அதை யார் வைத்துக்கொள்வது என்று கடைமடைக்காரர்கள் மட்டும் சொல்லட்டும், அதற்கு நாம் யாரும் கை தூக்க வேண்டாம். கொஞ்சம் பேர் கையெழுத்துப் போட்டாலே பொதுக்குழு கூடும் என்று ஒரு விதி சேர்க்கச் சொல், உன்னைத் திட்டுவதற்காகக் கூடுவதானாலும் சரி. அதன் பிறகு தலைவராக நில். என் கைதான் முதல் கையாக இருக்கும், இரண்டு கையும் தூக்கினாலும் தூக்குவேன். அப்படி நடந்தால் உன் வேலை தாமதமாகும். கடைமடைச் சாவிக்காரர் ஏதாவது விசேஷத்துக்குப் போயிருப்பார், நீ மதகில் வெயிலில் காத்துக்கொண்டு நிற்பாய், எனக்குப் போன் போட்டுக் கத்துவாய். கத்து, கேட்டுக்கொள்கிறேன். காத்திருப்பது உனக்குப் பிடிக்காது என்று தெரியும், வயிற்றிலிருந்தே நாள் பார்க்காமல் அவசரமாக வந்தவன் நீ. என்ன செய்வது, வாய்க்காலில் காத்திருக்கத் தெரிந்தவன்தான் தலைவராக இருக்க முடியும்.

முந்தாநாள் கலியமூர்த்தி அண்ணன் வீட்டு மதினி திருச்சியிலிருந்து வந்து சாமான்களை எடுத்துப் போனார்கள். போகும்போது இங்கே வந்து, "தம்பிகிட்ட குடுத்துடுங்க, அவரு சொல்லிவிட்டாரு" என்று ஒரு வளையத்தை என் கையில் வைத்தார்கள். அதில் இரண்டு சாவியும் இருக்கின்றன. ஒன்று தலைவர் சாவி, கருத்துப்போனது. மற்றது பாயின் சாவி, இடுப்பில் கிடந்து தேய்ந்து இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. அதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்துவிட்டு வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. செருப்புகூட மாட்டிவிட்டேன். ஆனால் ஊரைக் கேட்காமல் நானாக நல்லது செய்யக் கிளம்பினால் எனக்கும் அண்ணனுக்கும் என்ன வித்தியாசம்? செருப்பைக் கழற்றிவிட்டேன். சாவி அலமாரியில் இருக்கிறது. கூட்டத்துக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் உன் கையில் கொடுப்பேன், ஏனென்றால் உன்னிடம் கொடுக்கச் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

எப்படி முடிந்தாலும் கூட்டம் கலைந்ததும் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடு. அன்றைக்கு வாளைமீன் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஓட்டுக்கும் குழம்புக்கும் சம்பந்தமில்லை, நீ அந்த விதியை வைத்துக்கொண்டாலும் உனக்குப் பெரிய துண்டுதான். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நீ என் பிள்ளை, உன்னை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. மற்றதை நீ பார்த்துக்கொள். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வா. தாவூது பாயும் வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். இப்போது அவருக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. மைக்கில் யார் என்ன தீர்மானம் படித்தாலும், நீ எவ்வளவு அழகாகப் பேசினாலும் அவருக்கு ஒன்றும் விளங்காது. அந்த வளையத்தை வாங்கிய உன் கை என்ன செய்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் அம்மா,
நடுமடை உறுப்பினர்